தன் எலும்பைக் காண வந்த மன்னன்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குச் செல்பவர்கள் அம்மனைத் தரிசிக்கச் செல்கிறார்கள். விகாரையை வழிபடச் செல்கிறார்கள். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் அந்தத் தீவுதான் என்று கருதுவோர் நம்மிடையே பலர். அந்த மணிபல்லவத்துக்குச் சாவக நாட்டிலிருந்து ஒரு மன்னன் கப்பலேறி வந்தான் என்கிறார் சாத்தனார். பொருள் தேடியோ போர் தொடுத்தோ அவன் வரவில்லை. தான் யார் என்று அறிந்துகொள்ள வந்தான். அவன் கதைக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், அந்த மன்னனை எனக்கு மீண்டும் நினைவூட்டிய ஓர் ஆங்கில நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1956 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழில் 'கிழக்கிலிருந்து வந்த வித்து' என்று சொல்லலாம். விவிலியத்தின் ஏசாயா ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பு அது. சொன்னவர் பேர்தா ஹோல்ட் என்ற குடும்பத் தலைவி. அவர் எழுத்தாளர் அல்லர். தாதியாகப் பயிற்சி பெற்றவர். கணவர் ஹரி ஹோல்ட் ஒறிகன் மாநிலத்தில் மரத் தொழிலிலும் விவசாயத்திலும் உழைத்து முன்னேறியவர். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் ஆறு பேர். 1950 இல் ஹரிக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தெழுந்தவர், மீதியாகக் கிடைத்த வாழ்நாளை எதற்குச் செலவிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

1954 இன் இறுதியில் வேர்ள்ட் விஷன் நிறுவனத்தார் காட்டிய திரைப்படம் ஒன்றை அக்குடும்பம் பார்த்தது. கொரிய யுத்தம் ஓய்ந்து ஓராண்டுதான் கழிந்திருந்தது. கொரியத் தாய்மாருக்கும் அந்நியப் படைவீரர்களுக்கும் பிறந்த குழந்தைகள் அந்தப் படத்தில் இருந்தார்கள். அன்று தந்தை வழியிலேயே குடும்பப் பதிவு நடைபெற்ற அந்த நாட்டில் தந்தை பெயரில்லாத பிள்ளைக்கு இடமிருக்கவில்லை. முகத்தின் சாயலே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். படம் பார்த்து வந்த தம்பதியர் சில பிள்ளைகளின் பராமரிப்புக்குப் பணம் அனுப்பத் தொடங்கினர். ஆனால் மனம் ஆறவில்லை. எட்டுப் பேரை வீட்டுக்கே அழைத்து வருவது என்று முடிவு செய்தார்கள்.

சட்டம் குறுக்கே நின்றது. 1953 ஆம் ஆண்டின் அகதிகள் சட்டப்படி ஒரு குடும்பம் வெளிநாட்டு அநாதைகள் இருவரையே ஏற்கலாம். எனவே ஹோல்ட் குடும்பத்துக்கென்றே தனிச் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் 1955 இல் நிறைவேற்றியது. ஹரியோ சட்டம் நிறைவேறும்வரை காத்திருக்காமல், நோயுற்ற இதயத்தோடு முன்னரே கொரியாவுக்குப் போய்விட்டார். அங்கே அநாதை இல்லங்கள் தோறும் அலைந்தார். அவ்வாண்டு ஒக்ரோபர் 14 ஆம் திகதி பன்னிரண்டு குழந்தைகளோடு போர்ட்லண்ட் நகரில் வந்திறங்கினார். எட்டுப் பேர் அவர் வீட்டுக்கு. நால்வர் வேறு குடும்பங்களுக்கு.

நேயர்களே, அந்த நூலை வாசிப்பவர் அக்குடும்பத்தின் அன்பைச் சந்தேகிக்க முடியாது. எட்டுக் குழந்தைகள் ஒரே நாளில் ஒரு வீட்டுக்குள் வருவதென்றால் என்ன என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள். அந்த அன்பு ஓரிரு ஆண்டுகளில் வடிந்துபோன அன்பும் அல்ல. ஹரி 1964 இல் கொரியாவிலேயே காலமானார். பேர்தா 2000 ஆம் ஆண்டில், தமது தொண்ணூற்றாறாவது வயதில் மறைந்தார். இருவரும் கொரியாவின் இல்சான் என்ற இடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் சொந்த மகள்களில் ஒருவரான மொலி, இளம் தாதியாகக் கொரியாவுக்குச் சென்றவர், 2019 இல் இறக்கும்வரை அங்கேயே அநாதைகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் பணி செய்தார்.

ஆனாலும் அந்த நூலை மூடி வைத்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த எட்டுப் பிள்ளைகளையும் பெற்றவர்கள் எங்கே? நூலின் வெளிச்சமெல்லாம் ஏந்திக்கொண்ட கைகளின் மேல் விழுகிறது. விட்டுக்கொடுத்த கைகள் இருளிலேயே நிற்கின்றன.

ஹோல்ட் குடும்பத்தின் செய்தி பத்திரிகைகளில் வந்ததும் தங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டுமென்று கடிதங்கள் குவிந்தன. ஹரி மேலும் மேலும் குழந்தைகளை அனுப்பினார். பெற்றோராகப் போகிறவர் கொரியாவை மிதிக்காமலே, தமக்குப் பதிலாக ஒருவர் அங்கே கையொப்பமிட, பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் முறையும் நடந்தது. அமெரிக்காவின் சமூக சேவை அலுவலர்கள் அந்த அவசரத்தைக் கண்டித்தார்கள். 1961 இல் அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆனால் ஒரு குடும்பம் திறந்த கதவு பின்னர் பெருவீதியாகிவிட்டது. யுத்தம் முடிந்து முப்பது ஆண்டுகளின் பின்னரும், நாடு செல்வத்தில் கொழிக்கத் தொடங்கிய வேளையிலும், 1985 ஆம் ஆண்டில் மட்டும் 8,800 இற்கு மேற்பட்ட குழந்தைகள் கொரியாவை விட்டுச் சென்றார்கள். இதுவரை சென்றவர்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் என்பார்கள்.

இத்தனை அநாதைகள் எங்கிருந்து வந்தார்கள்? இங்கேதான் ஒரு தாளின் கதை இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குப் பிள்ளை அநாதை என்று காட்டுவது அன்று வசதியாக இருந்தது. ஆகவே தாயும் தகப்பனும் இன்னாரென்று தெரிந்திருந்தும், அந்தப் பிள்ளையை மட்டும் தனியாக ஒரு குடும்பப் பதிவில் எழுதிவிடுவார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வானத்திலிருந்து விழுந்ததுபோல ஒரு பிள்ளை. கொரியர்கள் அதனை அநாதைப் பதிவு என்றே சொல்வார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தாளில் மட்டும் அவள் இல்லை.

இதன் மறுபக்கத்தை எழுதியவர்கள் அந்தப் பிள்ளைகளே. அவர்களுள் ஒருவர் ஜேன் ஜியோங் ட்ரெங்கா. 1972 இல் கைக்குழந்தையாகத் தமக்கையோடு அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள ஒரு சிற்றூருக்குக் கொண்டுவரப்பட்டவர். 2003 இல் அவர் எழுதிய தன்வரலாற்று நூலின் தலைப்பு 'இரத்தத்தின் மொழி' என்று பொருள்படும். அவரைப் பெற்ற தாய், பிள்ளைகள் போன இடத்தை விசாரித்தறிந்து கடிதம் எழுதியவள். வளர்த்தவர்கள் கெட்டவர்களல்லர், ஊட்டினார்கள், உடுத்தினார்கள், படிப்பித்தார்கள். ஆனால் கொரியா என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழாது. பேசாதிருந்தால் இல்லாததாகிவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள் போலும். பின்னர் ஜேன் கொரியாவுக்குச் சென்று தாயைக் கண்டார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்குக் கொரிய மொழி தெரியாது. பெற்றவளோடு பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிய நிலையைவிடப் பெரிய இழப்பு உண்டா?

அவர் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. அவரைப் போன்றவர்களும் பிள்ளையைத் தனியே வளர்த்த தாய்மாரும் சேர்ந்து நடத்திய முயற்சியால் கொரியாவின் சட்டம் 2011 இல் திருத்தப்பட்டது. பிள்ளை பிறந்து ஏழு நாட்கள் கழியும்வரை தாயிடம் சம்மதம் வாங்கக் கூடாது. மகவேற்பு நீதிமன்றத்தின் வழியாகவே நடைபெற வேண்டும் என்ற விதிகள் வந்தன. 2025 மார்ச்சில் கொரியாவின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு, உலகின் பதினொரு நாடுகளிலிருந்து வந்த 367 முறைப்பாடுகளில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்களாக ஏற்றது. பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதிந்ததும், ஒரு பிள்ளையின் பெயரில் இன்னொரு பிள்ளையை அனுப்பியதும் ஏடுகளிலிருந்தே வெளிவந்தன.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற குழந்தைகள் 11,000 வரை என்று கணக்கிடப்படுகிறது. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி விவரணம் ஒன்று, பணத்துக்காக வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்க வைத்துப் பிள்ளையை ஒப்படைத்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தது. குழந்தைப் பண்ணைகள் இங்கே இருந்தன என்பதை அப்போதைய சுகாதார அமைச்சரே அதில் ஒப்புக்கொண்டார். 2021 இல் நெதர்லாந்து அரசு, விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்து, வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதினர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, அதிலுள்ள முகவரியைத் தேடி இங்கே வந்து நிற்கிறார்கள். சிலருக்குக் கதவு திறக்கிறது. சிலருக்கு அந்தப் பெயரில் அப்படியொரு பெண்ணே இருந்ததில்லை என்ற பதில் கிடைக்கிறது.

இப்போது மணிபல்லவத்துக்கு வருவோம்.

பெற்றவள் சாலி வழியிலே ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்ற குழந்தையை ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்ற அந்தணன் அதனை எடுத்துச் சென்று, தன் மகனென்றே வளர்த்து, கல்வியும் கற்பித்தான். அவனே ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவை அவன் விடுவித்தபோது ஊரார் சினந்தனர். அப்போது அவன் பிறப்பின் இரகசியம் அம்பலமாயிற்று. அந்தக் கணமே வளர்த்த தந்தை அவனை வீட்டைவிட்டுத் துரத்தினான். உண்மையை அறியாதவரை நிலைத்த அன்பு, உண்மை வெளியானதும் உதிர்ந்தது.

அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்த ஆபுத்திரன், மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, தான் மட்டும் உண்ண மனமின்றி உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். மறுபிறவியில் சாவக நாட்டில் பசுவின் வயிற்றில் பிறந்தான். பிள்ளையில்லாத மன்னன் பூமிசந்திரன் முனிவரிடமிருந்து அவனைப் பெற்றுச் சென்று வளர்த்தான். மீண்டும் ஒரு வளர்ப்பு வீடு. காலம் சென்று அரசனானபின், மணிமேகலையின் வாய்ச்சொல்லால் ஐயம் எழ, தன்னை வளர்த்த தாய் அமரசுந்தரியிடம் கேட்கிறான். அவள் மழுப்பவில்லை. அவன் எங்கே பிறந்தான், எப்படித் தங்கள் கைக்கு வந்தான் என்று உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். அதன்பிறகே அவன் கப்பலேறி மணிபல்லவம் வருகிறான். அங்கே மணலைத் தோண்டித் தன் முற்பிறவியின் எலும்பைத் தானே காண்கிறான்.

இதிலே நான் வியப்பது அதற்கு அடுத்து நடப்பதைத்தான். தன் வேரைக் கண்ட மன்னன் வளர்த்த நாட்டை வெறுத்துவிடவில்லை. மணிமேகலையின் அறிவுரை கேட்டுத் திரும்பிச் செல்கிறான். தன்னை ஏற்றுக்கொண்ட மக்களை ஆளவே செல்கிறான்.

இளம்பூதியும் அமரசுந்தரியும் வளர்த்தது ஒரே உயிரைத்தான். ஒருவன் பிறப்பை அறிந்ததும் பிள்ளையைக் கைவிட்டான். மற்றவள் பிறப்பை அறிந்தே பிள்ளையை ஏற்றாள். அவன் கேட்டபோது அதனை அவனுக்கே திருப்பிக் கொடுத்தாள். பிறவிக்கதை பிள்ளையின் சொத்து என்பதை அந்தத் தாய் அறிந்திருந்தாள். அதனை இன்றைய உலகம் 1993 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தில் சட்டமாக எழுதியது. பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பேணிக் காக்க வேண்டியது அரசுகளின் கடமை என்கிறது அது. அதனை முதலில் ஏற்புறுதி செய்த மூன்று நாடுகளுள் நமது இலங்கையும் ஒன்று.

நமது வீடுகளிலும் பிள்ளை எடுத்து வளர்ப்பவர்கள் உண்டு. ஊர் வாய்க்குப் பயந்து ஊரையே மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. உறவினருக்கெல்லாம் தெரிந்த சங்கதி, பிள்ளைக்கு மட்டும் தெரியாதிருக்கும். சொன்னால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமோ என்பதே அவர்கள் பயம். அது அன்பிலிருந்து பிறக்கும் பயந்தான். ஆனால் கலியாண வீட்டிலோ காணித் தகராறிலோ ஒருநாள் அது வெளிவரும்போது, பிள்ளையைச் சுடுவது பிறப்பின் உண்மையல்ல. இத்தனை காலமும் எல்லோரும் தன்னிடம் மறைத்தார்கள் என்ற எண்ணமே.

ஹரியும் பேர்தாவும் எட்டுக் குழந்தைகளுக்கு வீடு கொடுத்தார்கள். அது சிறிய காரியமல்ல. ஆனால் பிள்ளைக்கு வீடு ஒன்று போதாது; தான் வந்த வழியும் தெரிய வேண்டும். அந்த வழியைத் தெரிந்துகொண்ட பின்னும் சாவகத்து மன்னன் திரும்பிச் சென்றது தான் வளர்ந்த நாட்டுக்கே என்பதை, பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.