மடியில் வைத்த தலை



பொறியாளனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் வந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சைட்டிலிருந்து திரும்பும்போது, புறவழிச்சாலையில் பைக் சறுக்கி ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட் இல்லை, நினைவும் இல்லை. ஓடிப்போய் தலையைத் தூக்கி என் மடியில வச்சுக்கிட்டேன். சினிமாவில் அப்படித்தானே செய்றாங்க! கொர் கொர் என்று சத்தம். "மூச்சு நல்லா வருது" என்றார் ஒருவர். இன்னொருவர் சோடா பாட்டிலோடு ஓடிவந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு நர்ஸ் அக்கா அவரைத் தடுத்தார். "மயக்கத்துல ஊத்தினா நுரையீரலுக்குத்தான் போகும். அது மூச்சு நல்லா வர்ற சத்தம் இல்ல தம்பி, நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது. நீங்க கழுத்தை மடக்கினதுல இன்னும் அடைக்குது. கழுத்து திரும்பாம தரையில வைங்க."

தலைமாட்டில் மண்டியிட்டார். காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில் இருபக்கமும் விரல்களைக் கொடுத்து, தாடையை மேல்நோக்கித் தள்ளினார். சத்தம் நின்றது. நெஞ்சு ஏறி இறங்கியது. கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம் என்பதால் தலையைப் பின்னால் சாய்க்கவே இல்லை. வாயில் ரத்தம் நிறைந்ததும் எங்களையும் சேர்த்துக்கொண்டு, தலையும் உடம்பும் ஒரே கட்டையாக அவனை ஒருக்களிக்க வைத்தார். 108 வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

இரண்டாம் வருஷ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை நினைத்துப் பாருங்கள். குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ரோட்டில் ஞாபகம் வரலை. வழி முழுசா அடைத்தால் நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பிக்கும்; அதற்குள் ஆம்புலன்ஸ் வருமா? ரத்தம் பீய்ச்சி அடித்தால் அதை முதலில் அழுத்திப் பிடிக்கணும். முறிந்த கால் காத்திருக்கும்.

போலீஸ், கோர்ட் பயம் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

பையன் பிழைத்தான். அந்த அக்காவின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

சரி, யாராவது ஒரு தம்பி மேடைக்கு வந்து படுங்க, செய்து காட்டுறேன். வெள்ளைச் சட்டை போட்டவர் வேண்டாம், தரை அழுக்கு.