பழைய எண்ணெயில் பயோடீசல்: வீட்டில் செய்யலாமா?

(கள்ளக்குறிச்சியில் சிறு உணவக உரிமையாளர்கள், கல்வராயன் மலைப்பகுதி மகளிர் சுய உதவிக் குழுவினர் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "சார், போன்ல வீடியோ பார்த்தோம். வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயில வீட்டிலேயே டீசல் செய்யறாங்க. புங்கங்கொட்டை எண்ணெயிலயும் செய்யறாங்க. நாமளும் செய்யலாமா?"

நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். பயோடீசல் நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுச் சமையலறையிலோ கொல்லையிலோ அதைச் செய்யக் கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பயோடீசல் என்றால் என்ன?

தாவர எண்ணெயில் இன்ஜின் ஓடும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்றைய இன்ஜினுக்கு ஆகாது. டீசலைவிட எண்ணெய் பல மடங்கு கெட்டி. நாளடைவில் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும், கரி பிடிக்கும்.

அந்தக் கெட்டித்தன்மையைப் போக்கத்தான் எண்ணெயோடு மெத்தனாலும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து, சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலக்குகிறார்கள். மேலே பயோடீசல் மிதக்கும், கீழே கிளிசரின் தங்கும். 100 லிட்டர் எண்ணெய்க்குப் பொதுவாக 20 லிட்டர் அளவுக்கு மெத்தனால் வேண்டும்.

வீடியோவில் இது பத்து நிமிஷ வேலை மாதிரி தெரியும். உண்மையில் எண்ணெயில் ஈரம் இருந்தாலோ, பலமுறை காய்ச்சி அமிலம் கூடியிருந்தாலோ, பயோடீசலுக்குப் பதில் சோப்புக் கூழ்தான் கிடைக்கும். பெரிய சிக்கல் அதுவும் இல்லை. பெரிய சிக்கல் மெத்தனால்.

மெத்தனால்: நம்ம ஊருக்குத் தெரிந்த பெயர்

மெத்தனால் என்றால் என்ன என்று கள்ளக்குறிச்சியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே மெத்தனாலால்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெத்தனால் மலையில் விளைகிற பொருள் இல்லை. அது தொழிற்சாலை ரசாயனம், வெளியிலிருந்து வருவது. பெயிண்ட், பிளாஸ்டிக், மருந்துத் தொழில்களுக்குத் தேவையான பொருள்தான். அது வீட்டுக்குள் வரும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனை சாராயம் மாதிரி இருக்கும். 10 மில்லி உள்ளே போனாலே கண் பார்வை போகலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்தால் மட்டும் இல்லை, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். பகல் வெளிச்சத்தில் அது எரிகிற தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கேஸ் அடுப்பு இருக்கிற அறையில் அதைச் சூடாக்குவது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு கேனில் மெத்தனால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயோடீசல் செய்யத்தான் வாங்கினார். ஆனால் குழந்தை எடுக்கலாம். விஷயம் தெரியாத உறவினர் எடுக்கலாம். தெரிந்தே வேறு ஒருவர் திருடி விற்கலாம். நல்ல எண்ணத்தோடு வாங்கிய கேன் எங்கே போய் முடியும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த, விற்க உரிமம் வேண்டும். இதற்காக மெத்தில் ஆல்கஹாலுக்கான மாநில விதிகள் 1959-இலிருந்தே இருக்கின்றன. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை இதைப் பார்த்துக்கொள்கிறது. "ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், பில் இருக்கு" என்று சொன்னால் போதாது. பில் வேறு, உரிமம் வேறு. 2024-இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை வழிசெய்யப்பட்டிருக்கிறது.

அடுத்தது விற்பனை. பயோடீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது: ஐ.எஸ். 15607. அதன்படி மிச்ச மெத்தனால் 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனை வேண்டும். டீசலில் கலந்து விற்பதற்கென மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2019-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அனுமதியில்லாமல் பக்கத்து வீட்டு டிராக்டருக்கு லிட்டர் கணக்கில் விற்பது குற்றம்.

யாராவது ரோட்டோரம் டேங்கரை நிறுத்தி "பயோடீசல், விலை கம்மி" என்று விற்றால் வாங்காதீங்க. அந்தப் பெயரில் கலப்பட எண்ணெய் விற்றவர்கள் மீது குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை வழக்குப் போட்டிருக்கிறது. இன்ஜின் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கழிவையும் மறக்கக் கூடாது. கீழே தங்குகிற கிளிசரினில் மெத்தனால் கலந்திருக்கும். அதை மாட்டுக்கு வைக்கவே கூடாது. பயோடீசலைக் கழுவிய காரத் தண்ணீரை ஓடையில் விட்டால், மலையில் விட்டது அடிவாரத்துக் கிணற்றுக்கு வந்து சேரும். அதனால்தான் இப்படி ஒரு சிறு ஆலை வைக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

முதலில் உணவகக்காரர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் "மொத்த துருவச் சேர்மங்கள்" 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்த விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆலைக்கு அனுப்புவதே அதன் நோக்கம். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்க எண்ணெய் செலவிடுகிற கடைகள் கணக்கு வைத்தே ஆக வேண்டும்.

உங்களுடையது சின்ன டீக்கடையாக இருக்கலாம். பரவாயில்லை. பத்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரம்மில் எண்ணெயைச் சேர்த்து வையுங்கள். பதிவு பெற்ற சேகரிப்பு நிறுவனங்களின் பட்டியல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். எண்ணெய் வாங்க வருகிறவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் கூடுதல் விலை தருகிறார் என்றால், அந்த எண்ணெய் மறுபடியும் யாருடைய வாணலிக்கோதான் போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டில் சேருகிற எண்ணெய் மாதம் அரை லிட்டர், ஒரு லிட்டர்தான். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் வடிகட்டி பாட்டிலில் சேர்த்து, சேகரிக்கும் கடையில் கொடுக்கலாம். துணி துவைக்கும் சோப்பு செய்யவும் பயன்படுத்தலாம், அதற்கு மெத்தனால் தேவையில்லை. ஆனால் காஸ்டிக் சோடா தோலைச் சுட்டுவிடும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இனி மலைச் சகோதரிகளுக்கு. புங்கன், இலுப்பை, வேம்பு எல்லாம் எண்ணெய் தருகிற மரங்கள். சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தந்திருக்கிறது. செக்கில் ஆட்டினால் சுமார் 4 கிலோ புங்கங்கொட்டைக்கு ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். மிஞ்சுகிற புண்ணாக்கு வயலுக்கு நல்ல உரம், மாட்டுத் தீவனம் இல்லை. மரம் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். காட்டாமணக்கை நட்டால் கோடி கோடியாக வரும் என்று இருபது வருஷத்துக்கு முன்னால் சொன்னார்கள். தண்ணீரில்லாத தரிசில் எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. அதன் விதை விஷம் வேறு, குழந்தைகள் தின்றுவிட்டால் ஆபத்து.

கூட்டாகச் செய்தால் வழி உண்டு. ஒடிசாவில் கிஞ்சிலிங்கி என்ற பழங்குடிக் கிராமத்தில், மிதிவண்டிபோல் மிதித்து இயக்கும் சின்னக் கருவியில் பயோடீசல் செய்து குடிநீர் பம்பு ஓட்டினார்கள். அங்கே பயிற்சி பெற்றவர்கள் செய்தார்கள், ஒரு தொண்டு நிறுவனம் கூடவே இருந்தது. கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத்தில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் உயிரி எரிபொருள் பூங்காவில், விவசாயிகள் வரப்போரம் புங்கன் வைத்து விதையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விதை சேகரிப்பு, எண்ணெய் ஆட்டுவது வரை நம் குழுக்கள் தைரியமாகச் செய்யலாம். மெத்தனால் வேலையை உரிமம் பெற்ற ஆலைக்கு விட்டுவிடுவோம். ஆலையே வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் தொடங்குங்கள். மெத்தனால் உரிமத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் உதவி ஆணையர் (கலால்) அவர்களைக் கேளுங்கள்.

போனில் சேமித்து வையுங்கள்

மெத்தனாலோ கள்ளச்சாராயமோ எங்காவது பதுக்கியிருப்பது தெரிந்தால் 10581, கட்டணமில்லாத எண். யாருக்காவது மெத்தனால் உள்ளே போய்விட்டது என்று சந்தேகம் வந்தாலே 108. தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, கண் மங்குவது ஆகியவை அறிகுறிகள். பல மணி நேரம் கழித்துத்தான் தெரியலாம். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காதீங்க, மாற்று மருந்தும் டயாலிசிஸும் சீக்கிரம் கிடைத்தால்தான் பலன். தீ விபத்துக்கு 112.

பழைய எண்ணெய்க்குப் பணம் கிடைக்கும், புங்கங்கொட்டைக்கும் பணம் கிடைக்கும். அந்தப் பணம் நம் வீட்டுக்கு வரட்டும், மெத்தனால் மட்டும் வர வேண்டாம்.

இன்னும் கேள்வி இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்க, நான் இங்கேதான் இருக்கிறேன்.