அயல்மொழிக் கல்வியும் நம் பிள்ளைகளும்

(எல்கடுவையில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)

ஆறாம் தரத்தில் கால் வைக்கும் பிள்ளை இன்று மூன்று மொழிகளைக் கற்க வேண்டியிருக்கிறது. தாய்மொழியாகிய தமிழ் ஒன்று, ஆங்கிலம் மற்றொன்று, இரண்டாம் தேசிய மொழி என்ற பெயரில் சிங்களம் மூன்றாவது. 6-ஆம் தரம் முதல் 9-ஆம் தரம் வரை இந்த ஏற்பாடு நீடிக்கிறது. இது தேவைதானா என்று பெற்றோர் கேட்கின்றனர். சிங்களம் படித்தால் தமிழ் தேய்ந்துவிடும் என்பர் சிலர். ஆங்கிலம் ஒன்றே போதும் என்பர் வேறு சிலர். கொழுந்து பறிக்கப் போகிற பிள்ளைக்கு எந்த மொழியால் என்ன பயன் என்று கேட்போரும் உளர். இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறவே நான் இங்கு நிற்கிறேன்.

மூன்றாவது வினாவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்தவர்கள். வழியில் நோயால் மடிந்தவர் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தார் இல்லை. அவர்கள் காட்டை அழித்துக் கோப்பி நட்டார்கள். கோப்பி நோயில் வீழ்ந்தபின் தேயிலை நட்டார்கள். 1945-இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது, அதன் ஒளி லயன் காம்பராக்களுக்குள் வந்து சேரவில்லை. தோட்டத்துப் பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதாகவே இருந்தது. 1970-களில் அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே இடைநிலைக் கல்வி என்ற ஒன்று நம் வாசலுக்கு வந்தது. பாட்டனுக்குக் கிட்டாததும் தந்தைக்குப் பாதி கிட்டியதுமான அந்தப் பருவத்துக் கல்வியைப் பேரனுக்கு வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? பிள்ளை நாளை பெரட்டுக்களத்தில் நிற்பானா, நீதிமன்றத்தில் நிற்பானா என்பதைப் பதினொரு வயதில் தீர்ப்பிட நாம் யார்?

இனி முதல் வினாவுக்கு வருகிறேன். தமிழ் தேய்ந்துவிடும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. அதற்கு வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஓராண்டு நிறையும் முன்னரே கிழித்தெறியப்பட்டது. தமிழ் அரசாங்க ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சி பெறவில்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான கோடீஸ்வரன் என்பவர் நீதிமன்றம் சென்றார். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் 1967-இல் அதை மாற்றியது. 1969-இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை இந்நாட்டு நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்த வினாவுக்கு விடை வருமுன்னரே 1972-இன் அரசியலமைப்பு வந்துவிட்டது.

தோழர்களே, இந்த வழக்கை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே மன்றேறியது சிங்களம் என்ற மொழியன்று. கட்டாயம் என்ற கோல். படி, இன்றேல் உன் சோற்றில் கை வைப்போம் என்ற ஆணையை எதிர்த்தே மனிதர் வழக்காடினர். தமிழ்நாட்டிலும் 1965-இல் இளைஞர் தெருவில் இறங்கியது இந்தி என்ற மொழியின்மீது கொண்ட பகையாலன்று, அதைத் திணித்தமையால். திணிப்பை எதிர்ப்பதும் மொழியை வெறுப்பதும் ஒன்றெனக் கொண்டால் நாம் நம்மையே குருடாக்கிக் கொள்வோம்.

இன்று சட்டத்தின் நிலை யாது? 1987-இல் நிறைவேறிய 13-ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 1988-இன் 16-ஆம் திருத்தம், இந்நாட்டின் எப்பகுதியில் வாழும் தமிழனும் அரச அலுவலகத்தோடு தமிழிலே தொடர்புகொள்ளவும் தமிழிலே மறுமொழி பெறவும் உரிமை தந்தது. 1991-இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. 2007 ஜூலை முதல் அரச சேவையிற் சேரும் ஒவ்வொருவரும் மற்றைய அரசகரும மொழியிலும் குறித்த காலத்துள் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கை விதித்தது. சிங்கள அலுவலரும் தமிழ் கற்கவேண்டும், தமிழ் அலுவலரும் சிங்களம் கற்கவேண்டும் என்பதே இதன் பொருள். 1956-இன் ஒருவழிப் பாதை ஏட்டளவிலேனும் இருவழிப் பாதையாகிவிட்டது.

ஏட்டளவில் என்று நான் சொல்வதை நீங்கள் நன்கறிவீர்கள். இருபது ஆண்டுக்கால வழக்கறிஞர் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளி ஒருவர் பொலிஸ் நிலையம் செல்கிறார். நடந்ததைத் தமிழில் சொல்கிறார். கேட்பவர் சிங்களத்தில் எழுதிக்கொள்கிறார். எழுதியது இன்னதென்று அறியாமலே இவர் கையொப்பமிடுகிறார், அல்லது பெருவிரலைப் பதிக்கிறார். மாதங்கள் கழித்து மன்றில் அந்தக் கடதாசி பேசுகிறது. இவரோ விழித்து நிற்கிறார். தமிழிலே வாக்குமூலம் எழுதப்பட வேண்டுமென்று கேட்கும் உரிமைக்காக நாம் போராடத்தான் வேண்டும். அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆயினும் அப்போராட்டம் முடியும்வரை, எழுதியதை வாசித்து, "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று அங்கேயே மறுக்கக்கூடிய ஒரு மகனோ மகளோ ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்தால் எத்தனை அநியாயங்கள் முளையிலேயே கருகும்! உரிமை ஒரு கை. அறிவு மறு கை. ஒரு கையால் மூட்டை தூக்க முடியாது.

இது தொழிலாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இம்மாவட்டத்தில் மிளகும் கொக்கோவும் பயிரிடும் விவசாயிகள் இங்கு வந்திருக்கிறீர்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. ஆலோசனை கூற வருபவர் சிங்களம் மட்டுமே அறிந்தவராயின், அவர் வாயிலிருந்து வரும் நன்மை உங்கள் கொடியின் வேரைச் சேருமா? தரகர் கொடுக்கும் துண்டில் எழுதியிருப்பது நிறையா, கழிவா என்று அறியாதவன் உழைப்பு யாருக்குப் போகும்?

இங்கே மற்றொரு பழைய கதையையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் மலைகளில் ஆண்ட வெள்ளைத் துரைமாரும் தமிழ் கற்றார்கள். சின்னத்துரை ஒருவர் வேலைக்கு வந்தால் தமிழ் படித்துத் தேறவேண்டும். அதற்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் பெர்குசன் என்பவர் ஒரு கைந்நூல் வெளியிட்டார். அதன் பெயரே "இங்கே வா" என்பது. பின்னர் வெல்ஸ் என்பவர் எழுதிய நூலின் பெயர் "கூலித் தமிழ்". பெயர்களைக் கவனியுங்கள். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழியில் அவர்களுக்கு வேண்டியிருந்தவை ஏவற்சொற்கள். வா, போ, வெட்டு, தூக்கு என்பவற்றுக்கு அப்பால் அம்மொழி பேசுவோனுக்கு ஒரு வாழ்வு இருக்கிறதென்று அறியும் நோக்கம் அக்கல்விக்கு இல்லை. மொழி வந்தது, மனிதனை மனிதனாக மதிக்கும் பண்பு வரவில்லை.

ஆகவேதான் அயல்மொழிப் பாடம் சொற்களோடு நின்றுவிடக் கூடாது, அம்மொழி பேசுவோரின் வாழ்வையும் வழிபாட்டையும் கலையையும் கற்பிக்க வேண்டும் என்கிறேன். அதற்கு மாத்தளையைவிடப் பொருத்தமான இடம் எது? பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது, கி.மு. முதலாம் நூற்றாண்டில், இங்குள்ள அளுவிகாரையில். அதே மாத்தளையில் மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் தேர்கள் வீதியுலா வருகின்றன. சிங்களப் பிள்ளை தேரின் பொருளை அறியட்டும்; தமிழ்ப் பிள்ளை அளுவிகாரையின் பெருமையை அறியட்டும். 15-ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவ ஸ்ரீ ராகுல தேரர் ஆறு மொழிகளின் வல்லவர் என்று பட்டம் பெற்றார். அவ்வாறனுள் தமிழும் ஒன்று. திருக்குறள் 1960-களில் சிங்களமாயிற்று. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய, எம். எம். உவைஸ் அவர்களால் "கிராமப் பிறழ்வு" என்று தமிழாயிற்று. நம் தனிநாயகம் அடிகள் உலகின் பல மொழிகளைக் கற்றவர். கற்றதனால் தமிழைக் கைவிட்டாரா? கற்ற மொழிகள் அனைத்தையும் தமிழின் பெருமையை உலகுக்குச் சொல்லும் கருவியாக்கினார் அன்றோ!

இடைநிலை வகுப்பு இதற்கு ஏற்ற பருவமா? ஆம். பதினொரு வயதில் பிள்ளைக்குத் தாய்மொழி வேரூன்றிவிட்டது. எழுத்தும் வாசிப்பும் கைவந்துவிட்டன. சாதாரண தரப் பரீட்சையின் நெருக்கடியோ இன்னும் வரவில்லை. கூச்சமின்றிப் பேசிப் பார்க்கும் வயது அது. மேலும், சிங்களம் தமிழ்ப் பிள்ளைக்குக் கடினமான மொழியன்று. "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்பதை அவர்கள் "மம கெதர யனவா" என்பர். எழுவாய் முதலில், வினை ஈற்றில். சொல் நிற்கும் இடத்திலேயே சொல் நிற்கிறது. அம்மாவும் அக்காவும் கொத்தமல்லியும் இருமொழிக்கும் பொது. அவர்களுடைய எழுத்து வரிசையில் ககரத்துக்குப் பல ஒலிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதே நம் பிள்ளைக்கு உழைப்பு. நம் ழகரத்தைப் பிடிப்பது அவர்கள் பிள்ளைக்கு உழைப்பு. இருமொழியிலும் பேச்சு வேறு, ஏட்டு நடை வேறு. ஏட்டு நடையை மட்டும் மனனம் செய்வித்துப் புள்ளி வழங்கினால், நான்காண்டு படித்த பிள்ளை கடையில் உப்பு வாங்கவும் வாய் திறக்காது. முதலிரண்டு ஆண்டுகள் பேச்சும் பின்னிரண்டு ஆண்டுகள் எழுத்தும் முதன்மை பெறுவதே முறை.

ஆங்கிலம் போதும் என்போருக்கு ஒரு சொல். ஆங்கிலம் வேண்டும், அறிவியலின் வாயிலும் உலகின் வாயிலும் அது. ஆனால் அடுத்த வீட்டின் வாயில் அதுவன்று. பிரெஞ்சும் ஜப்பானியமும் அரபும் சாதாரண தரத்தில் கற்க வழியுண்டு. ஆனால் அவ்வாசிரியர்கள் மலையேறி வருவதில்லை. இந்த மலைகளிலிருந்து நம் சகோதரிகள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். தாம் வாசிக்க முடியாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுப் போகிறார்கள். நோயென்று சொல்லவும் சம்பளம் எங்கே என்று கேட்கவும் அரபியில் பத்து வாக்கியம் அறிந்திருப்பது அவர்களுக்குக் கவசம்.

உலக அனுபவம் என்ன கூறுகிறது? பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுவோர் நூற்றுக்கு ஐவர் அளவினரே. பல நூற்றாண்டு சுவீடனின் ஆட்சியில் இருந்த நாடு அது. எனினும் பின்னிய மொழிப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியில் சுவீடியம் கற்கிறார்கள். சிறுபான்மையோர் மொழியைப் பெரும்பான்மையோர் கற்பது தாழ்வென்று அங்கு சட்டம் கருதவில்லை. சிங்கப்பூரோ நமக்கு எச்சரிக்கையும் தருகிறது. அங்கு தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் இரண்டாம் மொழி. ஆனால் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. வீட்டில் தமிழ் பேசுவோர் விகிதம் சுருங்கி வருவதைக் குடிசனக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பாடமாக அயல்மொழி வந்தால் தாய்மொழி தேயாது. தாய்மொழியின் ஆசனத்தில் அயல்மொழி அமர்ந்தால் தேயும். வேறுபாடு இதுவே. கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும் தமிழிலே கற்கட்டும். அதன்மேல் சிங்களமும் ஆங்கிலமும் ஏறட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றிலும் 6-ஆம் தரம் முதல் சிங்களம் கற்பிக்கத் தகுதிபெற்ற ஆசிரியர் வேண்டும். நேரசூசியில் பாடம் இருந்து வகுப்பில் ஆசிரியர் இல்லாத நிலை ஒழிய வேண்டும். அயலிலுள்ள சிங்களப் பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கத் தமிழ் ஆசிரியர் வேண்டும். ஒரு பக்கத்தார் மட்டும் கற்பது கல்வியாகாது, பழைய கட்டாயத்தின் நிழலே ஆகும். இருபாடசாலைப் பிள்ளைகளும் விளையாட்டிலும் விழாவிலும் ஒன்றுகூடிப் பேசிப் பழக வாய்ப்பு வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குப் பெற்றோர் சங்கம் தீர்மானம் நிறைவேற்றட்டும். மாத்தளை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதைத் தமிழிலே எழுதுவோம்; மறுமொழியைத் தமிழிலே கேட்போம். அது நம் உரிமை. அதே மனுவைச் சிங்களத்தில் பெயர்த்து அயலூர்ப் பெற்றோரிடம் கொண்டுசெல்ல நம் பிள்ளைகள் வல்லவராகட்டும். அது நம் வலிமை. இன்று மாலையே அத்தீர்மானத்தின் முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.