இணைப்புகளுக்கும் ஒரு பேரேடு

(உரையின் எழுத்து வடிவம்)

கொச்சியின் மட்டாஞ்சேரி, மிளகு வாணிபத்திற்குப் பெயர் பெற்ற இடம். அங்குள்ள பண்டகசாலைகளில் மூட்டைகள் கூரை தொட அடுக்கப்பட்டிருந்தாலும், எந்த மூட்டை யாருடையது, எங்கே போக வேண்டியது என்பதை அதன்மேல் இட்ட குறியும் பேரேட்டின் வரியும் சொல்லிவிடும். 1957-இல் அங்கு நிறுவப்பட்ட மிளகு வணிகர் சங்கத்தில் கூவி விலை பேசும் முறையில் நடந்த முன்பேர வணிகம் பின்னாளில் கணிப்பொறிக்கு மாறியது. மூட்டைகளுக்கு வேண்டியிருந்த அதே கணக்கு இன்று கணிப்பொறிகளை இணைக்கும் கம்பிகளுக்கும் தேவைப்படுகிறது.

கடலும் கரையும்

தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் 'சேஃப்' என்னும் கடலடி வடம் 2002 முதல் கொச்சியைத் தொட்டுச் செல்கிறது. 2024 ஜனவரி 3-ஆம் நாள், கொச்சியிலிருந்து கவரத்திக்கும் மற்றும் பத்துத் தீவுகளுக்கும் செல்லும் ஒளியிழை வடம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை இலட்சத்தீவு மக்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தனர். தீவிலுள்ள வங்கிக் கிளையும் மருத்துவமனையும் இன்று அந்த வடத்தை நம்பியுள்ளன. கடலடியில் வடத்திற்குப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் கரையிலுள்ள கருவி அறையில் தவறான ஒரு கம்பி பிடுங்கப்பட்டாலே சேவை நின்றுபோகக்கூடும்.

பதிவு செய்யும் முறை

தரவு மையத்தில் சர்வர்கள் 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டங்களில் அடுக்கப்படுகின்றன. சட்டத்தின் உயரம் 1.75 அங்குலக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெரும்பாலான சட்டங்களில் 42 கூறுகள் இருக்கும். ஆகவே வரிசை எண், சட்ட எண், கூறு எண், துளை எண் ஆகிய நான்கும் சேர்ந்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. கம்பியின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டி, புறப்படும் இடம், சேருமிடம், கம்பியின் வகை, அது தாங்கும் பணி, இணைத்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். குறியிடுவதற்கான டிஐஏ 606 என்னும் தரநிலை 1993 முதல் வழக்கில் உள்ளது. 2016-இல் வெளியான 'நெட்பாக்ஸ்' போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இப்பதிவுக்கு உதவுகின்றன.

மின் இணைப்புகளும் பதிவேட்டில் இடம்பெறுதல் இன்றியமையாதது. முக்கியமான சர்வர்களுக்கு இரண்டு மின்வழிகள் தரப்படுவது வழக்கம். இரு செருகிகளும் ஒரே வழியில் செருகப்பட்டிருந்தால், கண்ணுக்கு இரட்டைப் பாதுகாப்பு; உண்மையில் ஒற்றை. மின்சாரம் தடைப்படும் நாள்வரை இக்குறை வெளிப்படாது. 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தரவு மையத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு முறையின்றி மீண்டும் செலுத்தப்பட்டதால் ஏறத்தாழ 75,000 பயணிகளின் பயணம் தடைப்பட்டது. எந்த மின்வழியில் எவையெல்லாம் தொங்குகின்றன என்ற கணக்கு கைவசம் இல்லாமல் எவரும் அதைத் தொடலாகாது.

பதிவேடு பொதுச் சொத்து

முதல் நாள் எழுதிய பதிவேடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நள்ளிரவில் அவசரமாக மாற்றிய ஒரு கம்பி, மறுநாள் எழுதலாம் என்று விடப்படும்போதுதான் பிழை தொடங்குகிறது. பதிவேட்டில் ஒரு வரி பொய்யானால் எல்லா வரிகள்மீதும் நம்பிக்கை போய்விடும். பிறகு பழுது நேரும்போது பணியாளர் கம்பியைக் கையால் தடவித் தேட வேண்டியதாகிறது. பத்து நிமிட வேலை பல மணி நேரமாகிறது.

எனவே அரசு அலுவலகங்களுக்கு மூன்று விதிகள் போதுமானவை. முதலாவது, உத்தரவு எண் இல்லாமல் எந்த இணைப்பையும் மாற்றலாகாது. மாற்றத்தைப் பதிந்த பின்னரே பணி முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, மாதந்தோறும் சில சட்டங்களைத் தேர்ந்து, அப்பணியில் ஈடுபடாத ஒருவர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தக்காரர் உள்ளபடியான பதிவேட்டை ஒப்படைத்த பின்னரே இறுதித் தொகை வழங்கப்பட வேண்டும். கருவிகளை விலைகொடுத்து வாங்கிய அரசு, அவை இணைந்துள்ள விதத்தை ஒப்பந்தக்காரரின் நினைவில் விட்டுவைப்பது சிக்கனமாகாது. கருவிகள் சில ஆண்டுகளில் மாறும், பணியாளரும் மாறுவர். பதிவேடு சரியாக இருந்தால், புதிதாக வரும் பணியாளரும் முதல் நாளிலேயே பொறுப்பேற்க முடியும்.