சிக்காகோ வழக்கும் விக்கிபீடியா வழக்கும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற மே தினக் கூட்டம் முடிந்து நாம் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ரிங் பிரேமில் வேலை செய்யும் ஓர் இளந்தோழர் கைப்பேசியை நம்மிடம் நீட்டினார். "சிக்காகோ தியாகிகளுக்கு எதிராக ஒரு சாட்சியம்கூடக் கிடையாது என்று மேடையிலே சொன்னீர்களே, இதிலே வேறு மாதிரி போட்டிருக்கிறதே?" என்று கேட்டார். நமக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறோம்.

அவர் காட்டியது விக்கிபீடியா. 2001 ஜனவரி 15-ல் தொடங்கிய கலைக்களஞ்சியம் அது. தமிழிலே 2003 முதல் இருக்கிறது. சம்பளம் வாங்கும் பண்டிதர்கள் எழுதுவதல்ல. நீங்களும் எழுதலாம், உங்கள் ஆலை மானேஜரும் எழுதலாம். நீங்கள் எழுதியதை அவர் அழிக்கலாம், அவர் எழுதியதை நீங்கள் அழிக்கலாம். அப்படியானால் அது சந்தைக்கடையாக அல்லவா போய்விடும்?

போகாமலிருக்க விதிகள் செய்து வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர் தன் சொந்த ஆராய்ச்சியை அங்கே கொட்டக் கூடாது. நம்பகமான ஒரு பிரசுரத்தைக் காட்ட வேண்டும். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி அழித்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஆங்கில விக்கிபீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் எழுதியதை ரத்துச் செய்தால் ஆளையே தடுத்து வைத்துவிடுவார்கள். சண்டை இருந்தால் அந்தக் கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்துக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அங்கும் தீரவில்லையானால், ஆதாரங்களைப் பற்றிய தகராறுகளுக்கென்றே இருக்கும் பொதுப் பலகைக்குப் போக வேண்டும். அல்லது எல்லோருடைய அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டும். அது சாதாரணமாக முப்பது நாள் நடக்கும். தமிழ் விக்கிபீடியாவில் பொதுப் பேச்சு நடக்கும் இடத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர். பேர் வைத்தவர்கள் கிராமத்தை மறக்கவில்லை! ஆனால் இந்த ஆலமரத்தடியில் பெரிய மிராசுதார் துண்டை உதறினால் தீர்ப்பாகிவிடாது. கை தூக்கிக் கணக்கெடுப்பதும் இல்லை. எந்த வாதத்துக்குப் பலம் அதிகம் என்று பார்த்து முடிவு சொல்லுகிறார்கள்.

இனிச் சிக்காகோவுக்கு வருவோம். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே முதல் தேதி அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மே 3-ல் சிக்காகோவில் மக்கார்மிக் ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்து மறுநாள் இரவு வைக்கோல் சந்தையில் கூட்டம். மேயரே வந்து பார்த்து, அமைதியாக நடக்கிறது என்று வீட்டுக்குப் போனார். அதன் பிறகு போலீஸ் படை வந்து கலைந்து போகச் சொன்னது. யாரோ குண்டு வீசினார்கள். வீசியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எட்டுப் பேர் மீது வழக்கு. 1887 நவம்பர் 11-ல் பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் நால்வரையும் தூக்கிலிட்டார்கள். லிங்க் முதல் நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி மூவரையும் 1893-ல் கவர்னர் ஆல்ட்கெல்ட் விடுதலை செய்தார். ஜூரர்களைப் பொறுக்கி எடுத்தார்கள், நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடந்தார், குற்றம் நிரூபணமாகவில்லை என்று அவரே காரணம் எழுதி வைத்தார்.

இந்த வழக்கைப் பற்றிய விக்கிபீடியாக் கட்டுரையில், குண்டுவீச்சோடு இவர்களைச் சம்பந்தப்படுத்தும் சாட்சியம் எதையும் அரசுத் தரப்பு கொண்டுவரவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. டிமோதி மெஸ்ஸர்-க்ரூஸ் என்ற அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர் அதை அழித்தார். கோர்ட்டுப் பதிவேடுகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்தவர். 118 பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வெடிகுண்டின் உலோகத்தை ரசாயனப் பரிசோதனை செய்து அதையும் ஆஜர் செய்திருக்கிறார்கள். சாட்சியமே இல்லை என்று எப்படி எழுதலாம் என்றார். சில நிமிஷங்களில் அவருடைய திருத்தம் ரத்தாயிற்று. பழைய பதிவேட்டை நேரே காட்டினால் போதாது, பிரசுரமான ஆராய்ச்சி வேண்டும் என்றார்கள். 2011-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மறுபடி போனார். பெரும்பான்மைச் சரித்திர ஆசிரியர்கள் வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கு அளவுக்கு மீறிய இடம் தர முடியாது என்று மறுபடி தள்ளினார்கள். 2012-ல் அவர் பத்திரிகையில் இதை விஸ்தாரமாக எழுதிய பிறகுதான் அந்த வாக்கியம் மாறியது.

தோழர்களே, இந்தப் பேராசிரியர் நம் ஆள் அல்ல. சதி உண்மையாகவே நடந்தது என்பது அவர் கட்சி. அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. பொறுக்கி எடுத்த ஜூரர்கள் முன்னால் 118 பேரைக் கூண்டில் ஏற்றினால் அது நியாயமாகிவிடுமா? பொய்ச் சாட்சி தயாரிப்பது எப்படி என்று போலீஸ் கேஸில் மாட்டிய எந்த விவசாயத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் சாட்சியம் நம்பத் தகாதது என்பது ஒன்று. சாட்சியமே கிடையாது என்பது வேறு. முதலாவது உண்மை. இரண்டாவது, அவசரத்தில் சொன்ன பேச்சு. அதை நாமும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். வீசியவர் இன்னாரென்று தெரியாமலே நால்வரைத் தூக்கிலிட்டார்கள் என்று சொன்னாலே போதுமே! அதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஏது? 1923-ல் சென்னையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினாரே, அந்தக் கொடிக்கு நம் மிகைப்பேச்சு முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இளந்தோழரிடம் போய் இதைச் சொன்னோம்.

விதியின் மேல் தப்பா? முழுவதும் அப்படிச் சொல்ல மாட்டோம். பதிவேட்டை நானே படித்தேன், நான் சொல்வதே வேதம் என்று ஆளுக்கு ஆள் கிளம்பினால் கதி என்ன? ஆனாலும், எண்ணிக்கை அதிகம் என்பதற்காகப் பிழையான வாக்கியத்தைக் காவல் காப்பது சோம்பேறித்தனம்.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்திருக்கிறது. லண்டனில் டெய்லி மெயில் என்ற முதலாளிப் பத்திரிகை ஒன்று இருக்கிறது. 1924 பொதுத் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னதாக, அக்டோபர் 25-ல், ஜினோவியேவ் எழுதியதாக ஒரு கடிதத்தைப் போட்டு, தொழிற்கட்சி ஆட்சிக்கு எதிராகப் பீதி கிளப்பியது. அது கள்ளக் கடிதம் என்று பிரிட்டிஷ் வெளிநாட்டு இலாகாவின் சரித்திர ஆசிரியரே 1999-ல் எழுதினார். அந்தப் பத்திரிகையைப் பற்றி விக்கிபீடியாவில் பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. பழைய கடிதத்துக்காக அல்ல. சரிபார்க்காமல் போடுகிறது, பரபரப்புக்காக இட்டுக்கட்டுகிறது என்பதற்காக. 2017 பிப்ரவரியில், பொதுவாக அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். எத்தனை லட்சம் பிரதி விற்றால் என்ன?

ஆனால் நம் வயிற்றெரிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. பிரசுரமான ஆதாரம் வேண்டும் என்கிறார்கள். ஆலை முதலாளிக்குப் பத்திரிகை இருக்கிறது, வெள்ளிவிழா மலர் இருக்கிறது, பணம் கொடுத்து எழுதுவித்த வாழ்க்கை வரலாறு இருக்கிறது. கதவடைப்பில் தொண்ணூறு நாள் பட்டினி கிடந்தவனிடம் என்ன இருக்கிறது? ஒரு துண்டறிக்கை. அதையும் கறையான் தின்றுவிட்டது. கூலி உயர்வுக்காக அறுவடையை நிறுத்திய கிராமத்தில் அதைக் கண்ணால் பார்த்த கிழவி இருக்கிறாள்; அவள் வாய்மொழி ஆதாரமாகாது. விதி எல்லோருக்கும் சமம். அச்சகம் மட்டும் சமமாக இல்லை.

ஆகவே ஒரு வேலை வைத்திருக்கிறோம். சங்க ஆபீசின் தகரப் பெட்டியில் பழைய கூலி ஒப்பந்தங்கள், நோட்டீசுகள், மகாநாட்டு அறிக்கைகள் கிடக்கின்றன. வருகிற ஞாயிறு காலை அதைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கப் போகிறோம். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதையும் கொண்டு வாருங்கள். அந்தக் கிழவியிடம் கேட்டு எழுதி வர இரண்டு பேர் வேண்டும். தொகுத்ததை, சரித்திரம் படித்தவர்களைக் கொண்டு சரிபார்த்துப் புத்தகமாகப் போட வேண்டும். நமக்குப் பாதகமான காகிதம் அகப்பட்டால் அதையும் அதே கட்டில் வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள்.