பிக்கப் வாங்கப் போன கதை
(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றிப் பேசுவதற்கு இன்று வேறு ஆள் இருக்கிறார். "நீர் வண்டி வாங்கிய கதையைச் சொல்லும், பக்கத்துத் தோட்டத்தாரும் கேட்கிறார்கள்" என்று தலைவர் உத்தரவிட்டுவிட்டார். ஆகவே அதையே சொல்கிறோம்.

வண்டி எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நமது தோட்டத்தில் பால்மரம் குறைந்து செம்பனை ஏறிவிட்டது. நம்மில் பதினொரு குடும்பத்தார், பக்கத்துக் கம்பத்துச் சிறு நிலக்காரர்களின் மரங்களைப் பங்குக்கு வெட்டுகிறோம். கட்டிப்பாலை வாசலுக்கே வந்து எடுக்கிற வியாபாரி, லோரிக் கூலி என்று கொஞ்சம் பிடிப்பார். ஈரம் என்று கொஞ்சம் பிடிப்பார். மலேசிய ரப்பர் வாரியம் விலையை வெளியிடத்தான் செய்கிறது. ஆனால் சரக்கை ஏற்றிக்கொண்டு இன்னொரு கடைக்குப் போக வழியில்லாதவனுக்கு அந்த விலையால் என்ன பயன்? வாசலில் நிற்கிறவர் சொன்னதுதான் விலை.

இதற்கு முன்பும் ஒரு வண்டி வாங்கினோம். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம்மில் ஒருவர் தம் பேரில் ஒரு பிக்கப் எடுத்தார். மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்; ஒன்பது வருஷக் கடன். 2011-இல் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு சரிந்துகொண்டே வந்தது. 2015-இல் அவரால் தவணை கட்ட முடியவில்லை. ஒரு நாள் விடியற்காலையில், பிரட்டுக்குப் போகிற நேரத்தில், வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய மனைவி லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகும் கடன் பாக்கி நின்றது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் உங்கள் முன் நிற்கும் இந்தக் கிராணிதான். மூன்று வருஷம் கட்டினோம். படித்தவன், கணக்கு எழுதுகிறவன், என்று நம்மை நம்பித்தான் அவர் பேனாவை நீட்டினார். நாமோ அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை.

பிறகுதான் படித்தோம். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியைத் திரும்ப எடுக்கலாம். அதற்கும் 21 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். ரொக்க விலையில் முக்கால் பங்குக்குமேல் கட்டியிருந்தால் கோர்ட்டு உத்தரவு வேண்டும். ஆனால் பிக்கப் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சரக்கு வாகனங்களுக்கு அந்தச் சட்டத்தின் அட்டவணை 2,540 கிலோ என்று ஓர் எல்லை வைத்தது. இது சரக்கோடு சேர்த்த எடை. இன்றைய பெரிய பிக்கப்புகள் சரக்கு ஏற்றினால் அந்த எடையைத் தாண்டக்கூடியவை. ஆகவே, "இந்த ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் கீழ் வருகிறதா, இல்லையா?" என்று வங்கியிடம் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இரண்டாம் தடவைக்குப் பணம் சேர்க்க இரண்டு வருஷம் ஆயிற்று. கூட்டுச் சீட்டுப் போடலாம் என்று ஒரு பாட்டி சொன்னார். கூட்டு என்ற நம் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து 1971-இல் அதைத் தடை செய்து சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னபோது, "நம்ம பேரைச் சொல்லியே தடுத்தானா?" என்று சிரித்தார். பணத்தை வங்கியில் போட்டோம். குடும்பத்துக்கு 3,000 வெள்ளி, மொத்தம் 33,000. பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது சிரித்தவர்களும் உண்டு. நம் ஆசை அதைவிடச் சிறியது.

2024 டிசம்பரில் நால்வர் புறப்பட்டோம். வருஷக் கடைசி என்பதைத் தெரிந்தேதான் போனோம். அந்த வருஷம் தயாரான வண்டி, வருஷம் திரும்பினால் பழைய வருஷத்து வண்டியாகிவிடும். அது கிரானில் எழுதப்பட்டிருக்கும். வியாபாரிக்கும் அது தெரியும். விற்பனையாளருக்கு மாதக் கணக்கு வேறு முடிக்கவேண்டும். முதலாளிமார் சங்கத்துடன் பேசப் போகிறவர்கள் ரப்பர் விலையைக் கையில் வைத்துக்கொண்டு போவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

குளுவாங், பத்து பகாட், ஜொகூர் பாரு ஆகிய மூன்று ஊரிலும் விலை கேட்டோம். ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் எல்லாவற்றையும் பார்த்தோம். எங்கும் உட்கார்ந்து காப்பி குடித்தோம். எங்கும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று காகிதம் சேர்ந்த பிறகே பேரம் தொடங்கியது.

விற்பனைக்கு நின்ற பையன் நம் தமிழ்ப் பையன், நல்ல பிள்ளை. எடுத்ததும், "அண்ணே, மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றான்.

"தம்பி, மாசத்தை விடு. ரோட்டுக்கு வருகிற மொத்த விலை எவ்வளவு? அதைப் பிரித்து எழுதிக் கொடு."

வண்டி விலை, பதிவு, ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், அலங்காரச் சாமான் என்று பிரித்து எழுதியதும், 103,500 வெள்ளி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்தது. கண்ணாடிக் கறுப்புத் தாள், ஏறும் படி, ஏதோ ஒரு பூச்சு எல்லாம் சேர்த்து 1,900. வேண்டாம் என்றோம். "பாக்கேஜ் அண்ணே, எடுக்க முடியாது" என்றான். எழுந்தோம். எடுக்க முடிந்தது.

இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்கவேண்டும் என்பதில்லை. 2017 முதல் இந்த நாட்டில் மோட்டார் இன்சூரன்ஸ் கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. நம் அங்கத்தினரின் மகள் கைத்தொலைபேசியில் மூன்று கம்பெனிகளைக் கேட்டு 600 வெள்ளி குறைத்துக் காட்டினாள். கடைசியாக வண்டி விலை. பத்து பகாட் காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருப்பது பெரிய வேலை. நம் உபதலைவருக்கு அது வரவில்லை, அவர் காலை மிதிக்கவேண்டியதாயிற்று. பையன் உள்ளே போய் மானேஜரைக் கேட்டு வந்தான். இரண்டு தடவை போனான். கையிருப்பில் நின்ற வெள்ளை வண்டியை எடுத்தால் 3,000 குறையும் என்றான். நம்மில் ஒருவருக்குச் சிவப்பு வண்டிதான் சங்கத்துக்குப் பொருத்தம் என்று ஆசை. 3,000 வெள்ளிக்கு ஒரு டின் சிவப்புச் சாயமே அதிகம் என்று அவரைச் சமாதானப்படுத்தினோம். ஆக 98,000.

ஒன்று மட்டும் விடாமல் கேட்டு இலவசமாக வாங்கினோம்: பின்தட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பு. கட்டிப்பாலிலிருந்து வடிகிற அமிலத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். கறுப்புத் தாளைவிட நமக்கு அதுதான் தேவை.

இனி வட்டி. இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். 33,000 போக 65,000 கடன். நூற்றுக்கு மூன்று என்றார்கள், கேட்கக் குறைவுதான். ஆனால் நாம் கட்டிக் கழிக்கிற பணத்தைக் கழிக்காமல், முதல் நாள் கடனுக்கே கடைசி வருஷம் வரை போடுகிற வட்டி அது. ஒன்பது வருஷம் என்றால் மாதம் 764 வெள்ளி சொச்சம். வட்டி மட்டும் 17,550. ஐந்து வருஷம் என்றால் மாதம் 1,246, வட்டி 9,750. வித்தியாசம் 7,800 வெள்ளி! கடையில் மூன்று நாள் உட்கார்ந்து குறைத்தது 5,500. அதைவிட அதிகத்தை ஒரு கோட்டில் விட்டிருப்போம். தவிர, அந்த மூன்று என்பது, குறைகிற பாக்கிக்கு வட்டி போடுகிற கணக்கில் பார்த்தால் ஐந்தரைக்கு மேல் வருகிறது. ஆகவே எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கொடுத்திருப்போம் என்று கேளுங்கள். ஐந்து வருஷமே எடுத்தோம். குடும்பத்துக்கு மாதம் 113 வெள்ளி சொச்சம்.

டீசலையும் கணக்கில் சேர்த்தோம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் லிட்டர் 2.15-லிருந்து 3.35-க்குப் போனதை யாரும் மறக்கவில்லை. சிறு விவசாயிகளுக்கும் தகுதியுள்ள வண்டிக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி உதவித்தொகையை அரசாங்கம் அறிவித்தது. அது கிடைத்தால் லாபம் என்று வைத்தோமே தவிர, அதை நம்பித் தவணை போடவில்லை.

பதினொரு பேர் பேரில் கடன் எடுப்பது நடக்கிற காரியமாக இல்லை. வண்டி ஒருவர் பேரில் இருக்கிறது. அதனால் பதினொரு வீட்டாரும், வீட்டுத் தாய்மார்கள் உட்பட, ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரைக் கட்டணமும் கட்டினோம். ஒருவர் விலகினால் என்ன, இறந்தால் என்ன, தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. இதை எழுதத்தான் அதிக நாள் பிடித்தது. இரண்டு சண்டையும் நடந்தது. 2015-இல் வண்டியைப் பறிகொடுத்தவரும் இந்தப் பதினொருவரில் ஒருவர். கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். "இன்னொரு தரம்" என்றார். அதையும் வாசித்தோம்.

வண்டி இப்போது செவ்வாயும் வெள்ளியும் கட்டிப்பால் ஏற்றுகிறது. கணக்குப் புத்தகம் சங்க அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதே மாதிரி வாங்க நினைக்கிற பக்கத்துத் தோட்டத்தார் மூன்று கடைக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வாருங்கள். உடன்படிக்கையின் நகலும் தருகிறோம்.