வெளியூர்த் தொழிலாளரும் நம் கடமையும்

(வானகரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வந்து உழைக்கிறவர்களை முதலாளிமார் எப்படி நடத்த வேண்டும், அவர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிற நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

"நாம் இந்தியை எதிர்த்தவர்கள் ஆயிற்றே, இயந்திரத்தின் அருகில் அபாய அறிவிப்பை இந்தியில் எழுதி வைக்கலாமா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாராளமாக எழுதலாம், எழுதியே தீர வேண்டும் என்பது என் பதில். 1938-இல் நம்மவர் எதற்காகச் சிறை சென்றார்கள்? பள்ளிப் பிள்ளைகள் தலையில் சர்க்கார் ஒரு மொழியைக் கட்டாயமாக ஏற்றியதற்காக. பவர் பிரஸ்ஸில் கை வைக்கிற பீகார்ப் பையனுக்குப் புரியாத தமிழில் எச்சரிக்கை எழுதி வைத்து, விரல் போன பிறகு "பலகை இருந்ததே" என்று சொல்வதும் அதே போன்ற கொடுமைதானே? ஒடியா பேசுகிறவன் இருந்தால் ஒடியாவில் எழுது. படிக்கத் தெரியாதவனுக்குப் படம் போட்டுக் காட்டு. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், அறிவிப்புகள் இங்கிலீஷிலும் தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. மிச்சப் பேருடைய விரல் விரலல்லவா என்று கேட்கிறேன்.

ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிற முதலாளி, அதே இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தகடு போடச் சொன்னால் செலவென்கிறார். பூசணிக்காய் யாருடைய விரலைக் காப்பாற்றிற்று?

இனி, "இவர்கள் குறைந்த கூலிக்கு வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறார்களே" என்பதைப் பார்ப்போம். குறைந்த கூலியை நிர்ணயிப்பவன் யார்? வருகிறவனா, வைத்துக்கொள்கிறவனா? வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979-இல் செய்த சட்டம், ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூரானுக்குக் கொடுப்பதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. இதை யோக்கியமாக அமுல் நடத்தியிருந்தால் மலிவான ஆளைத் தேடி ஓட முதலாளிக்கு என்ன அவசியம் இருந்திருக்கும்? ஆகவே அவனுக்குச் சமகூலி கேட்பது நம் கூலியைக் காப்பாற்றிக் கொள்வதேயாகும்.

தோழர்களே! நம்மவரும் இப்படிப் போனவர்கள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கூட்டிப்போன கங்காணி யார்? நம்மூர்க்காரன்தான். முன்பணம் கொடுத்துக் கடனில் மாட்டினான். கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாதபடி "துண்டு" என்றொரு சீட்டு இருந்தது. 1921-இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோரை 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கிற்று. அதைக் கேட்டு வயிறெரிந்த நாம், இங்கே பிழைக்க வந்தவனை "வடக்கன்" என்று இளக்காரமாகக் கூப்பிடலாமா? நாம் எதிர்ப்பது வடவர் ஆதிக்கத்தை. பத்துப் பேர் ஒரு ஷெட்டில் படுத்துக் கிடக்கிறவனிடம் என்ன ஆதிக்கம் இருக்கிறது?

தொழிலாளி பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1921-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். சாதி இந்துத் தொழிலாளர் போகவில்லை. கூலிச் சண்டை சாதிச் சண்டையாக மாறிற்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முடிவில் சங்கம் தோற்றது. நேற்றுவரை தீண்டாதவன் என்று ஒதுக்கியவனை, இன்று "தோழா, ஒன்றாக நில்" என்றால் அவன் எப்படி நம்புவான்?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்வதாகப் பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. பாவம், பயந்து பலர் ரயிலேறினார்கள். விசாரியாமல் நம்புவதற்குப் பெயர்தான் மூடநம்பிக்கை. ஆனால் பக்கத்தில் வேலை செய்கிறவனோடு நாம் நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்தால், அந்தப் புளுகு அவனிடம் எடுபட்டிருக்குமா?

ஆகையால் முதலாளிமாருக்குச் சொல்கிறேன்: ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். அதை ஏஜண்டு கையில் கொடாமல் உழைத்தவன் கையிலேயே கொடுங்கள். ரொட்டியோ சோறோ அவனவன் இஷ்டம். ஆனால் தண்ணீர்க் குழாயும் சாப்பாட்டுக் கூடமும் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கட்டும். உங்களுக்குச் சொல்கிறேன், தோழர்களே: நாளைக் காலையில் வேலைக்குப் போனதும் பக்கத்தில் நிற்கிறவனுடைய பெயரைக் கேளுங்கள். சாதியைக் கேட்காதீர்கள். சங்கத்தில் அவனையும் சேருங்கள். சுயமரியாதை நமக்கு மட்டும் வேண்டியதென்றால் அதற்குப் பெயர் சுயநலம்.